மணிக்கட்டில் ஏறிய கைக்கூலி

கைக்கூலி நம் ஊர்களில் ஒழிந்துவிட்டது என்று மேடைகளில் பேசப்படுகிறது. ரொக்கமாக எண்ணி வாங்கும் வழக்கம் பல ஊர்களில் குறைந்திருப்பது உண்மைதான். ஆலிம்களும் இளைஞர்களும் ஆண்டுக்கணக்கில் ஓயாது பேசியதன் பயன் அது. நாம் அதை மறுக்க மாட்டோம். பெண் வீட்டில் பணம் வாங்கினோம் என்று வெளியில் சொல்லிக்கொள்ள மாப்பிள்ளை வீட்டார் இன்று வெட்கப்படுகின்றனர். அந்த வெட்கமே ஒரு வெற்றி. ஆயினும் வாசல் வழியே விரட்டப்பட்டது கொல்லை வழியே உள்ளே வந்துவிட்டதைக் கண்டும் காணாதவர்போல் இருக்க நம்மால் இயலவில்லை. இம்முறை அது பணக்கட்டாக வரவில்லை. மெருகேற்றிய பெட்டியில், உத்தரவாத அட்டையோடு, மாப்பிள்ளையின் இடக்கை மணிக்கட்டில் ஏறி அமர்ந்திருக்கிறது.

சுவிட்சர்லாந்துக் கைக்கடிகாரத்தைப் பற்றிப் பேசுகிறோம். சில இலட்ச ரூபாயில் தொடங்கிப் பல இலட்சங்கள் வரை விலைபோகும் அந்தப் பொருள், நம்மிடையே வசதி படைத்த குடும்பங்களின் திருமணங்களில் 'மாப்பிள்ளை வாட்ச்' என்னும் பெயரில் எழுதப்படாத விதியாகி வருகிறது. வசதியற்ற குடும்பங்கள் அதைப் பார்த்து ஏங்கவும் அஞ்சவும் தொடங்கிவிட்டன. ஆகவே இதைப் பேசாமல் கடந்து செல்வது முறையன்று.

கொடுக்கும் கை மாறிய கதை

நம் சமுதாயத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் உள்ள உறவு புதிதன்று. 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு இணைந்து கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கைகோத்து நிறுவிய டைட்டன், ஓசூரில் ஆலை அமைத்தது. இவற்றுக்கு நடுவே, சபர் போன நம் முந்தைய தலைமுறையினர் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஊர் திரும்பும்போதெல்லாம் பெட்டிக்குள் சீகோவும் சிட்டிசனும் வந்து இறங்கின. தம்பிக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று, பள்ளிப்படிப்பை முடித்த மகனுக்கு ஒன்று. சென்னை பர்மா பஜாரின் கண்ணாடிப் பெட்டிகளில் அவற்றின் உடன்பிறப்புகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன.

அந்தக் கடிகாரங்களிலும் சிறிது பெருமை இருந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அவற்றைக் கொடுத்த கையைக் கவனியுங்கள். வெயிலில் நின்று ஈட்டியவர், ஊரில் இருந்தவருக்குக் கொடுத்தார். ஈட்டியவரின் மனம் நிறைந்தது, பெற்றவரின் கை நிறைந்தது. இன்று அந்த ஓட்டம் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. நன்கு ஈட்டுகின்ற, நல்ல வேலையில் அமர்ந்திருக்கின்ற இளைஞர் பெறுகிறார். பணி ஓய்வை நெருங்கும் ஒரு தந்தை, இன்னும் இரண்டு பெண்மக்களை வீட்டில் வைத்துக்கொண்டு, அவருக்குக் கொடுக்கிறார்.

கண்ணாடிக் கதவுக்குள் நடப்பது

சென்னையிலோ துபையிலோ கோலாலம்பூரிலோ, இத்தகைய கடிகாரங்களுக்கென்றே அமைந்த விற்பனையகத்துக்குள் ஒருமுறை நுழைந்தவர்க்கு அதன் நடைமுறை நன்கு தெரியும். காவலர் கதவைத் திறந்து தலை தாழ்த்துகிறார். ஆழ்ந்த நாற்காலிகள் காத்திருக்கின்றன. காபி வருகிறது; வளைகுடா என்றால் கஹ்வாவும் பேரீச்சம்பழமும் வருகின்றன. கையுறை அணிந்த பணியாளர், மென்துணி விரித்த தட்டில் கடிகாரத்தைக் கிடத்திக் கொண்டுவருகிறார். விலைச்சீட்டு எளிதில் கண்ணில் படுவதில்லை. விலையை முதலில் கேட்பவர் அந்த இடத்துக்கு உரியவர் அல்லர் என்ற கூச்சத்தை, எவரும் வாய் திறந்து சொல்லாமலேயே அந்த அறை வந்தவர் மனத்தில் விதைத்துவிடுகிறது.

நிக்காஹ்வுக்கு முன்பு அங்கே வந்து அமரும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். நடுவில் மாப்பிள்ளை. ஒருபுறம் அவருடைய தாயார், மறுபுறம் அவருடைய மச்சான். ஓரத்து நாற்காலியில், காபியைத் தொடாமல் அமர்ந்திருப்பவர் பெண்ணின் தந்தை. அவர் அத்தாவாகவோ வாப்பாவாகவோ இருக்கலாம். ஊர் எதுவாயினும் முகம் ஒன்றுதான். பணியாளர் மாப்பிள்ளையின் கையை அளக்கிறார், சங்கிலியின் கண்ணிகளைக் கழற்றிப் பொருத்துகிறார், 'உங்கள் கைக்கு இது எடுப்பாக இருக்கிறது சார்' என்கிறார். பணம் கொடுக்கப் போகும் கையை எவரும் பார்ப்பதில்லை. 'இதைவிடக் கொஞ்சம் பெரியது இருந்தால் காட்டுங்கள்' என்கிறார் மச்சான். அப்போது அந்தத் தந்தை சொல்ல வேண்டிய வசனம் ஒன்றுண்டு: 'மாப்பிள்ளை, உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.' அதை அவர் சொல்கிறார். மனமுவந்து சொன்னாரா என்று கேட்க அந்த அறையில் எவரும் இல்லை.

தொல்லை அத்தோடு முடிவதுமில்லை. பெயர்பெற்ற சில மாடல்கள் அலமாரியில் இருந்தாலும் 'காட்சிக்கு மட்டும்' என்று சொல்லப்படுகின்றன. வேண்டுவோர் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் என்பர், ஆண்டுக்கணக்காகவும் ஆகலாம். முன்பு எங்களிடம் என்னென்ன வாங்கியிருக்கிறீர்கள் என்ற கேள்வியும் சில இடங்களில் நயமாகக் கேட்கப்படும். அதாவது, அந்தக் கடிகாரத்துக்கு உரிய தகுதியைப் பெறுவதற்காக வேண்டாத வேறு நகைகளையும் கடிகாரங்களையும் முதலில் வாங்கியாக வேண்டும். உலகில் வேறெந்தக் கடையில் பணம் கொடுப்பவர் கைகட்டிக் காத்திருக்கிறார்? நிக்காஹ் தேதியோ காத்திருப்பதில்லை. ஆகவே பெண்ணின் தந்தை இரண்டாங்கை வணிகரிடம் போய், கடையின் விலைக்கு மேலும் கொட்டிக்கொடுத்து, அதே கடிகாரத்தை வாங்கி வருகிறார். 'பட்டியலில் இடம் கிடைக்கவில்லை' என்று சம்பந்தி வீட்டில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அங்கே விற்கப்படுவது நேரமா?

நேரத்தை அறிவதற்காகவே இவ்வளவும் என்று எவரேனும் வாதிட்டால், அந்த வாதம் எண்களின் முன் நிற்காது. சுவிட்சர்லாந்தில் இயந்திரக் கடிகாரங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பின் அளவுகோல்படி, சான்று பெற்ற கடிகாரம் நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடி பின்தங்கலாம், 6 விநாடி முந்தலாம். நாளொன்றுக்கு 2 விநாடி என்ற கடுமையான அளவைத் தமக்கே விதித்துக்கொண்ட நிறுவனமும் உண்டு. அப்போதும் மாதத்தில் ஒரு நிமிடம் வரை பிசகலாம். நம் ஊர்க் கடைத்தெருவில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் பேட்டரிக் கடிகாரத்தின் உள்ளே விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் இருக்கிறது. பொதுவாக அது மாதத்துக்கு 15 முதல் 30 விநாடிக்குமேல் தவறுவதில்லை. நேரம் காட்டும் வேலையில் ஏழையின் கடிகாரம் செல்வரின் கடிகாரத்தை வென்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

அந்த வெற்றி தொடங்கிய நாளும் பதிவாகியிருக்கிறது. 1969 டிசம்பர் 25 அன்று தோக்கியோவில் சீகோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் ஆட்டங்கண்டது. 1970இல் அத்தொழிலில் இருந்தோர் சுமார் 90,000 பேர். எண்பதுகளின் நடுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே எஞ்சினர். தப்பிப் பிழைத்த நிறுவனங்கள் ஓர் உண்மையை உணர்ந்துகொண்டன. நேரத்தை விற்றால் இனிப் பிழைக்க முடியாது. அந்தஸ்தை விற்றால் பிழைக்கலாம். இன்று அந்தக் கண்ணாடிக் கதவும் காபியும் கையுறையும் காத்திருப்புப் பட்டியலும் அந்த அந்தஸ்தைப் பொதிந்து கொடுக்கும் தாள்கள். தாளுக்கும் சேர்த்தே நாம் விலை கொடுக்கிறோம்.

கைவினையின் அழகை நாம் இழித்துப் பேசவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணிய உறுப்புகள், மின்சாரமோ பேட்டரியோ இன்றி, கையின் அசைவையே ஆற்றலாக்கி ஓடுவது வியப்புக்குரியதே. அந்த வியப்பு நம் மரபிலும் வேரூன்றியது. 1206இல் அல்-ஜஸரீ எழுதி முடித்த இயந்திர நூலில் யானை வடிவ நீர்க்கடிகாரம் இடம்பெற்றது. திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் நேரக்கணக்கராகப் பணியாற்றிய இப்னு அஷ்-ஷாத்திர், 1371இல் அதன் மினாராவுக்கென ஒரு பெரிய சூரியக் கடிகாரத்தைச் செய்தளித்தார். 'முவக்கித்' என்பது அவருடைய பதவிப்பெயர். வக்தைக் கணிப்பவர் என்பது அதன் பொருள். அந்தக் கடிகாரம் எவருடைய மணிக்கட்டையும் அலங்கரிக்கவில்லை. ஊர் முழுவதும் தொழுகைக்கு எழுவதற்காக, எல்லோரும் பயன்பெறும்படி, அது பள்ளிவாசலுக்கு உரியதாக இருந்தது. நேரத்தை ஊருக்குப் பகிர்ந்தளித்த மரபின் வாரிசுகள், இன்று நேரம் காட்டும் கருவியைக்கொண்டு ஒருவரை ஒருவர் அளந்துகொண்டிருக்கிறோம். பாங்கு சொன்ன பின்னும் கல்யாண மண்டபத்தில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையின் கையில், ஒருநாளில் இரண்டு விநாடிக்குமேல் பிசகாத கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

சொல்லப்படும் சாக்குகள்

'நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகத் தந்தார்கள்' என்பது முதல் சாக்கு. கேட்பதற்கு வாய் மட்டுமே வழியா? 'என் அக்கா மாப்பிள்ளைக்கு அவர்கள் வீட்டில் இன்னது போட்டார்கள்' என்று பெண் பார்க்க வந்த இடத்தில் தேநீரோடு சேர்த்துச் சொல்வது கேட்பதாகாதா? மாப்பிள்ளை தம் கைப்பேசியில் ஒரு படத்தைப் பெண்ணின் அண்ணனிடம் காட்டி, 'இது எப்படி மச்சான்?' என்பது கேட்பதாகாதா? 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம்கூட இங்கே நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. மஹரை அது வரதட்சணைக் கணக்கில் சேர்க்கவில்லை. அன்பளிப்பை அது தடுக்கவில்லை. ஆனால் அது கேட்கப்படாமல் தரப்பட்டதாக இருக்க வேண்டும், பட்டியலில் பதியப்பட வேண்டும், பெண் வீட்டார் தருவது வழக்கத்துக்கு உட்பட்டதாகவும் தருபவரின் பொருள்நிலைக்கு மீறாததாகவும் இருக்க வேண்டும். இந்த அளவுகோல்களில் நம் 'மாப்பிள்ளை வாட்ச்' எத்தனையில் தேறும்? மார்க்கமோ இன்னும் ஒரு படி மேலே நிற்கிறது. திருமணத்தில் கொடுக்கும் கடமையை அது ஆணின் மீது வைத்தது. மஹரைச் சில ஆயிரங்களில் முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பல இலட்சங்களில் பெறுபவர், மஹரை மணமகளுக்குக் கொடுத்தாரா, அல்லது மணமகளையும் பெற்று மஹரையும் தாமே பெற்றாரா?

'இது செலவன்று, முதலீடு. விலை ஏறிக்கொண்டே போகும்' என்பது இரண்டாவது சாக்கு. நல்லது. முதலீடு என்றே வைத்துக்கொள்வோம். விற்று இலாபம் பெறும் எண்ணத்தோடு வாங்கிய பொருள் வணிகப் பொருளாகும். ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் ஆண்டுதோறும் அதன் சந்தை மதிப்பின் மீது ஜகாத் கடமையாகும். கடிகாரத்தின் மதிப்பு 8 இலட்ச ரூபாய் எனில், இரண்டரை விழுக்காட்டின்படி ஆண்டுக்கு 20,000 ரூபாய். விலை ஏற ஏற இதுவும் ஏறும். முதலீடு என்று பேசும் சகோதரர்களுள் எத்தனை பேர் ரமளானில் கணக்குப் பார்க்கும்போது அலமாரியிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கணக்கில் சேர்க்கின்றனர்? ஜகாத் கேட்டால் 'அணிந்துகொள்ளும் பொருள்தானே' என்பர்; வீண்விரயம் என்றால் 'முதலீடுதானே' என்பர். ஒரே கடிகாரம் இரண்டு நேரம் காட்ட முடியாது.

'அல்லாஹ் கொடுத்த நிஃமத்தை வெளிக்காட்டுவதில் என்ன தவறு?' என்பது மூன்றாவது. இதை நாம் சாக்கு என்று முற்றிலும் தள்ளிவிட மாட்டோம். அடியாரிடம் தன் அருட்கொடையின் அடையாளம் தெரிவதை அல்லாஹ் விரும்புகிறான் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அழகிய ஆடையும் அழகிய காலணியும் விரும்புவது பெருமையாகுமா என்று தோழர் ஒருவர் கேட்டபோது, அல்லாஹ் அழகை விரும்புபவன் என்று விளக்கிய நபி (ஸல்) அவர்கள், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே என வரையறுத்தார்கள். ஆகவே ஹலாலாக ஈட்டிய ஒருவர், கடன் இன்றி, ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தபின், தமக்கெனத் தம் பணத்தில் நல்ல கடிகாரம் ஒன்றை வாங்கினால் அதை ஹராம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. விரயத்தின் எல்லையை அவர் தம் மனச்சான்றோடும் ஆலிம்களோடும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால் இதே மார்க்கம், பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அணியப்படும் ஆடையையும் கடுமையாக எச்சரித்திருக்கிறது. அடுத்தவர் பணத்தில் வாங்கிய கடிகாரத்தைக் காட்டி, அல்லாஹ் எனக்குக் கொடுத்த நிஃமத் என்பது எவ்வகையிலும் பொருந்தாது. அது மாமனாருக்கு அல்லாஹ் கொடுத்த நிஃமத். அதைத்தான் நீங்கள் கழற்றிக் கையில் கட்டியிருக்கிறீர்கள்.

நான்காவது, 'தலைமுறைக்கும் இருக்கும் பொருள்' என்ற பேச்சு. இது நம்மவர் கண்டதன்று. ஜெனீவா நிறுவனம் ஒன்று பல ஆண்டுகளாக இதையே விளம்பரமாக்கி வருகிறது. கடிகாரத்துக்கு நீங்கள் உரிமையாளர் அல்லர், அடுத்த தலைமுறைக்காக அதைக் காத்து வைப்பவரே என்பது அதன் சாரம். எவ்வளவு பழகிய சொல்லாகக் கேட்கிறது! பொருள் அனைத்தும் அமானிதம், நாம் காவலர்களே என்று நம் பள்ளிவாசல்களில் ஓதப்படும் பாடத்தை எடுத்து, அதைக்கொண்டே ஒரு பொருளை விற்றுவிட்டார்கள். அமானிதம் என்ற சொல்லின் கனம் அறிந்தவர் அடுத்த தலைமுறைக்குக் கடிகாரத்தை வைத்துச் செல்வாரா, கல்வியை வைத்துச் செல்வாரா?

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். 1905இல் லண்டனில் தொடங்கிய தொழிலை ரோலக்ஸ் என்ற பெயரில் உலகறியச் செய்த ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப், 1945இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1960இல் அவர் மறைந்தபின் நிறுவனமே அந்த அறக்கட்டளைக்கு உரியதாயிற்று. அறப்பணிகளுக்கும் கல்விக்கும் அது இன்றும் செலவிட்டு வருகிறது. நாம் வக்ஃப் என்று சொல்வதற்கு நெருங்கிய ஏற்பாடு. விற்றவர் தம் செல்வத்தை அறத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். வாங்கிய நாம், வக்ஃப் என்ற சொல்லை உலகுக்குத் தந்தவர்கள், கடிகாரத்தோடு நின்றுவிட்டோம்.

ஒன்று தொட்டு ஒன்பது

ஒரு தவறு தனியே வருவதில்லை. கையில் பணமில்லாத தந்தை என்ன செய்கிறார்? மனைவியின் நகையை அடகு வைக்கிறார். அல்லது கடன் அட்டையில் தவணை போடுகிறார். வட்டியைப் பற்றி நாம் எவ்வளவு பயான் கேட்டிருக்கிறோம்! நிக்காஹ் என்னும் சுன்னத்தை நிறைவேற்ற வட்டிப் பணத்தில் கடிகாரம் வாங்கும் நிலைக்கு ஒரு முஸ்லிமைத் தள்ளியவர், அந்தப் பாவத்தில் தமக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்வார்?

இன்னும் சிலர் தங்கமும் எஃகும் கலந்த மாடலைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபட்டிருக்க, பெண்ணின் தந்தை தங்கத்துக்கு விலை கொடுத்து, மருமகன் அணியக் கூடாத ஒன்றை வாங்கித் தருகிறார். அதை அணிந்துகொண்டே மாப்பிள்ளை நிக்காஹ் மேடையில் அமர்கிறார். முலாம் பூசியவை பற்றி ஐயம் இருப்போர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். கடைப் பணியாளரிடம் கேட்கும் கேள்வியன்று அது.

வெளிநாட்டில் வாங்கினால் விலை குறைவு என்று, பெட்டியையும் சீட்டையும் வேறொருவர் பையில் போட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் கையில் கட்டிக்கொண்டு, சுங்க அதிகாரியைக் கடந்து நடந்துவரும் திறமையைச் சிலர் விருந்துகளில் கதையாகச் சொல்கின்றனர். வாங்க வழியில்லாத இளைஞர்களோ 'ஃபர்ஸ்ட் காப்பி' எனப்படும் போலியைக் கட்டிக்கொள்கின்றனர். தமக்குக் கொடுக்கப்படாத ஒன்றைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவரைப் பொய்யின் ஆடைகளை அணிந்தவருக்கு ஒப்பிட்ட நபிமொழியை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். மெய்யான கடிகாரமோ, போலிக் கடிகாரமோ, இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள்.

அரசுகூட விழித்துக்கொண்டது. 2 இலட்ச ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க எந்தக் கடைக்காரருக்கும் அனுமதியில்லை. 10 இலட்சத்தைத் தாண்டிய கைக்கடிகாரம் வாங்குவோரிடம் விற்பனையாளர் 1 விழுக்காட்டை வருமானவரிக் கணக்கில் பிடித்துச் செலுத்த வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதாவது இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வருமானவரித் துறை கேட்கிறது. நிக்காஹ்வைத் தன் தஃப்தரில் பதியும் நம் ஜமாஅத் மட்டும் கேட்பதில்லை.

வசதி உள்ளவர்களிடம் ஒரு முறையீடு

'எங்களால் முடிகிறது, செய்கிறோம். இதில் ஊருக்கு என்ன?' என்று கேட்கும் செல்வந்தர்களுக்கு நம் விடை இது. திருமணத்தின் விலையை ஊரில் நிர்ணயிப்பவர் நீங்கள். உங்கள் வீட்டு நிக்காஹ்வில் மாப்பிள்ளையின் கையில் மின்னியது, அன்றிரவே நூறு கைப்பேசிகளில் மின்னுகிறது. அடுத்த தெருவில் இருபத்தெட்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய் அந்தப் படத்தைப் பார்க்கிறாள். உங்களுக்கு அது ஒரு பரிசு. அவளுக்கு அது இன்னும் ஓர் ஆண்டுக் காத்திருப்பு. கடையின் காத்திருப்புப் பட்டியலைப் பற்றிச் சலித்துக்கொள்கிறோமே, நம் ஊர்களில் பெண்மக்களின் காத்திருப்புப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் எந்தப் பெயரும் முன்னேறாமல் நிற்பதற்கு நம் வீட்டு விருந்துகளும் சீர்வரிசைகளும் காரணம் என்பதை உணர வேண்டும்.

என்ன செய்யலாம்? செய்வதற்கு எளியவை பல உள்ளன. முதற்பொறுப்பு மாப்பிள்ளையுடையது. நிச்சயத்தன்றே, பெரியவர்கள் முன்னிலையில், 'மாமா, எனக்குக் கடிகாரமோ மோதிரமோ எதுவும் வேண்டாம்' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பெண் வீட்டார் வற்புறுத்துவார்கள். மும்முறை மறுத்தால் நம்புவார்கள். அன்றிரவு அந்தத் தந்தை நிம்மதியாக உறங்குவதே உங்களுக்கு அவர் தரக்கூடிய சிறந்த அன்பளிப்பு. மாப்பிள்ளையின் தாய்மார்களே, மகன் வாய் திறக்கத் தயங்கினால் நீங்கள் சொல்லுங்கள். நீங்களும் ஒரு காலத்தில் மணப்பெண்ணாக இருந்தீர்கள். உங்கள் தந்தையின் முகமும் உங்களுக்கு நினைவிருக்கும். பெண்ணைப் பெற்றவர்களே, கேளாமல் நீங்களாக முந்திக்கொண்டு இந்த வழக்கத்தை வளர்க்காதீர்கள். மகளின் மதிப்பை மருமகனின் மணிக்கட்டில் கட்டித் தொங்கவிட வேண்டியதில்லை. கொடுக்கும் மனம் இருந்தால் மகளின் பெயரில், அவள் கல்விக்கோ தொழிலுக்கோ கொடுங்கள். அதுவும் ஊரறிய வேண்டாம்.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மஹர் எவ்வளவு என்று தஃப்தரில் எழுதுகிறீர்கள். அதன் அருகில், மணமகளின் வீட்டிலிருந்து மணமகனுக்குத் தரப்பட்டவை என்ன என்று இன்னொரு வரியையும் சேருங்கள். எவரையும் தண்டிக்க வேண்டாம், எழுதினால் போதும். 'எதுவுமில்லை' என்று அந்த வரியில் எழுதச் சொல்லிக் கையொப்பமிடும் மாப்பிள்ளையை ஊர் மதிக்கத் தொடங்கும் நாளில், இந்த வழக்கத்தின் வேர் தானே காயும்.

மறுமையில் எந்த அடியானும் சில கேள்விகளுக்கு விடை சொல்லாமல் நின்ற இடத்தை விட்டு அகல முடியாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வாழ்நாளை எதில் கழித்தாய் என்பது அவற்றுள் ஒன்று. பொருளை எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்பது மற்றொன்று. காலத்தைப் பற்றியும் காசைப் பற்றியும் கேட்கப்படும் அந்த நாளில், கடிகாரத்தைக் கொடுத்த தந்தையும் அதைப் பெற்ற மாப்பிள்ளையும் தனித்தனியே நிற்பார்கள். அதற்குமுன், இவ்வுலகில் இருவரும் மனம் நொந்து நிற்க வேண்டாத திருமணங்களை நம் ஊர்களில் நடத்திக்காட்ட வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.